டிரஸ்ட் பத்திர ஸ்கேனில் நோட்டரி முத்திரை தெரியவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

டிரஸ்ட் பத்திரத்தை ஸ்கேன் செய்து வங்கிக்கோ பதிவு அலுவலகத்துக்கோ வழக்கறிஞருக்கோ அனுப்பியபின், ‘முத்திரையைப் படிக்க முடியவில்லை’ என்று அது திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது. பெறுபவர் முத்திரையில் தேடுவது நான்கைந்து விவரங்களைத்தான். நோட்டரியின் பெயர், பதிவு எண், அவருடைய அதிகார எல்லை, பல இடங்களில் பதவிக்காலம் முடியும் தேதி. இவற்றில் ஒன்று மங்கினாலும் பத்திரம் முழுவதும் நிலுவையில் நின்றுவிடும்.

பெரும்பாலும் தாளில் முத்திரை நன்றாகவே இருக்கும். தாளுக்கும் பெறுபவரின் திரைக்கும் இடையே எங்கோ அது தொலைந்திருக்கும். அந்த இடம் தெரியாமல் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் நேரம்தான் வீணாகும். ஆகவே முதலில் மூன்று இடங்களில் பாருங்கள்:

1. தாளைக் கையில் எடுத்து, ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். வெறுங்கண்ணால் படிக்க முடிகிறதா?
2. ஸ்கேனர் இணைந்த கணினியிலேயே, மின்னஞ்சலில் போகும் முன் உள்ள கோப்பைத் திறந்து 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்.
3. பெறுபவருக்குப் போய்ச் சேர்ந்த கோப்பை, அல்லது இணையதளத்தில் ஏற்றிய பிறகு திரும்ப இறக்கிய கோப்பை, அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

தாளிலேயே இல்லை என்றால் குறை முத்திரை குத்தியதில். தாளில் இருந்து ஸ்கேனில் இல்லை என்றால் குறை ஒளியிலோ ஸ்கேனர் அமைப்பிலோ. ஸ்கேனில் இருந்து போய்ச் சேர்ந்ததில் இல்லை என்றால் இடையில் நடந்த சுருக்கத்தில்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். பத்திரத்தில் இருப்பதை வெளியே தெரியவைப்பது வேறு, இல்லாததை வரைவது வேறு. பக்கம் முழுவதுக்கும் ஒரே மாதிரி ஒளி, கான்ட்ராஸ்ட், நிறப் பிரிப்பு செய்வது முதல் வகை. எழுத்தின் விடுபட்ட கோட்டைத் தூரிகையால் நிரப்புவது, அதே நோட்டரியின் தெளிவான முத்திரையை வேறு பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டுவது, செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கிக் கூர்மைப்படுத்துவது ஆகியவை இரண்டாம் வகை. கடைசியாகச் சொன்னதுதான் கூடுதல் ஆபத்து. அந்த மென்பொருள் மங்கலான 3-ஐ அழகான 8-ஆக மாற்றித் தரும்; பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. சட்ட ஆவணத்தில் அதைத் தொடவே கூடாது. செல்பேசி கேமராவின் ‘டாக்குமென்ட்’ நிலையும், சில செல்பேசிகளில் தானாக நடக்கும் கூர்மைப்படுத்தலும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்யக்கூடியவை. அவற்றையும் அணைத்துவிடுங்கள்.

அறிகுறி: முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தாள்

தாளைத் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக வட்டம் கைக்குத் தட்டுப்பட்டால் அது புடைப்பு முத்திரை. அதில் மை கிடையாது. கண் அதை நிழலால்தான் படிக்கிறது. ஸ்கேனரோ நிழல் அதிகம் விழாதபடி தாளுக்கு மிக அருகிலிருந்து ஒளி பாய்ச்சும் கருவி. எழுத்துக்குத் தோதான அந்த அமைப்பே புடைப்பை அழித்துவிடுகிறது. தானே தாள் இழுக்கும் ஃபீடரில் போட்டால் இன்னொரு கேடும் உண்டு. உருளைகள் புடைப்பை நசுக்கும். நசுங்கிய புடைப்பு மீண்டும் எழாது. ஆகவே புடைப்பு முத்திரை உள்ள பக்கத்தை ஃபீடரில் விடவே வேண்டாம்.

பத்திரத்தின் மற்ற பகுதிகளையும் ஒருமுறை புரட்டுங்கள். புடைப்பு முத்திரைக்கு அருகிலோ அடுத்த பக்கத்திலோ மை முத்திரையும் இருக்கலாம். நகலில் தெரியாது என்பதால்தான் சில சட்டங்கள் மையை வற்புறுத்துகின்றன. கலிபோர்னியாவில் நோட்டரி முத்திரை ஒளிப்பட நகலில் தெரியும்படி இருக்க வேண்டும். புளோரிடாவில் கறுப்பு மை ரப்பர் முத்திரைதான் அதிகாரபூர்வமானது. புடைப்பு கூடுதலாக வேண்டுமானால் இருக்கலாம். அப்படி மை முத்திரை இருந்தால், பெறுபவருக்கு அதைச் சுட்டிக்காட்டினாலே விஷயம் தீர்ந்துவிடக்கூடும்.

மை முத்திரை இல்லையென்றால் பிளாட்பெட் ஸ்கேனரில், அதாவது மூடியைத் திறந்து கண்ணாடியின் மேல் தாளை வைக்கும் வகையில், இப்படி முயலுங்கள்:

1. நிலை: 24-பிட் கலர் அல்லது 8-பிட் கிரேஸ்கேல். கறுப்பு வெள்ளை நிலை வேண்டவே வேண்டாம்.
2. துல்லியம்: 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி). சேமிப்பு: டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கக்கூடிய பட வடிவம்).
3. ‘பேக்கிரவுண்ட் நீக்கம்’, ‘டெக்ஸ்ட் மேம்படுத்தல்’, ‘ஆட்டோ எக்ஸ்போஷர்’ எல்லாவற்றையும் அணையுங்கள். வெள்ளைக்கு அருகில் உள்ள மெல்லிய சாம்பலைத் துடைத்தெறிவதுதான் இவற்றின் வேலை. உங்களுக்கு வேண்டியதோ அந்த மெல்லிய சாம்பல்.
4. பிரகாசத்தைச் சற்றுக் குறைத்து, தாள் வெள்ளையாக இல்லாமல் இளஞ்சாம்பலாக வரும்படி வையுங்கள்.
5. ஒரு முறை ஸ்கேன் செய்தபின் தாளை 90 டிகிரி திருப்பி மறுபடியும் செய்யுங்கள்.

ஐந்தாவது படி ஏன் என்றால், பல சிஐஎஸ் ஸ்கேனர்களில் (கண்ணாடியை ஒட்டியே உணரிப்பட்டை ஓடும் மெல்லிய வகை) எல்இடி ஒளிப்பட்டை உணரியின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். அந்த ஒளி ஒரு திசையிலிருந்து வருவதால், அதற்குக் குறுக்கே ஓடும் கோடுகள் மட்டும் மெல்லிய நிழல் தரும். ஒளியின் திசையிலேயே ஓடும் கோடுகள் தராது. வட்ட முத்திரையில் மேலும் கீழும் உள்ள எழுத்துகள் தெரிந்து, இடமும் வலமும் உள்ளவை மறைந்திருந்தால் காரணம் இதுதான். திருப்பி எடுத்த படம் மறைந்த பக்கத்தைக் காட்டும்.

அடுத்தது, பலரும் யோசிக்காத வழி. தாளின் பின்பக்கத்தை ஸ்கேன் செய்யுங்கள். முன்பக்கத்தில் புடைப்பின் மேல் அச்செழுத்தும் கையெழுத்தும் குறுக்கிடும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அங்கே புடைப்பு மட்டும் தனியாகத் தெரியும். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி இருக்கும். மென்பொருளில் இடவலமாகப் புரட்டினால் நேராகிவிடும். இதைத் துணைப்படமாக அனுப்பும்போது ‘பின்பக்கம், இடவலமாகப் புரட்டியது’ என்று கீழே எழுதியே ஆக வேண்டும்.

புடைப்பு இதற்கும் மசியவில்லை என்றால்: சாய்ந்த ஒளியில் படம்

ஸ்கேனர் கைவிட்ட இடத்தில் கேமரா கைகொடுக்கும். தேவையானவை: ஒரு செல்பேசி, அதை அசையாமல் தாங்க ஏதாவது ஒரு பிடி, ஒரு சிறிய டார்ச், இருட்டாக்கக்கூடிய அறை, மில்லிமீட்டர் அளவுகோல்.

தாளைத் தட்டையாக மேசையில் வையுங்கள். கேமராவைத் தாளுக்கு நேர் மேலே, 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில், தாளுக்கு இணையாக நிறுத்துங்கள். இன்னும் கிட்டப் போனால் ஓரங்கள் வளையும், செல்பேசியின் நிழலும் விழும். முத்திரை சிறியதாகத் தெரிந்தால் 2 மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள். ஃபிளாஷை அணையுங்கள், 2 அல்லது 3 விநாடி டைமர் வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை முத்திரையிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, தாளோடு ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி கோணத்தில், அதாவது ஒளி தாளை உரசிக்கொண்டு போகும்படி பிடியுங்கள். திரையில் எழுத்துகள் மெல்ல எழுந்து வருவதைப் பார்க்கலாம். கோணத்தை இன்னும் தாழ்த்தினால் தாளின் நார்கள்கூட நிழல் போட ஆரம்பித்து எழுத்தைக் குழப்பும். அந்த இடத்திலிருந்து சற்று உயர்த்துங்கள்.

தாளையும் கேமராவையும் அசைக்காமல் இரண்டு படங்கள் எடுங்கள். ஒன்றில் ஒளி இடப்பக்கத்திலிருந்து, இன்னொன்றில் மேற்பக்கத்திலிருந்து. அளவுகோல் ஓரத்தில் தெரியட்டும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள முத்திரை படத்தில் 1500 பிக்சல் அகலம் பிடித்தால், அது 760 டிபிஐ ஸ்கேனுக்குச் சமம். போதுமானதற்கும் மேல்.

இனி கணினியில். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளை வைத்துச் சொல்கிறோம். மற்றவற்றிலும் இதே கருவிகள் வேறு பெயரில் இருக்கும்.

1. படத்தைத் திறந்து கிரேஸ்கேல் ஆக்குங்கள்.
2. லேயரை (பட அடுக்கை) நகலெடுங்கள். மேல் லேயருக்கு காஸியன் பிளர் (படத்தை மங்கலாக்கும் கருவி), 60 முதல் 80 பிக்சல்.
3. மேல் லேயரின் மோடை ‘டிவைட்’ என்று மாற்றுங்கள். டார்ச் பக்கம் வெளிச்சமாகவும் எதிர்ப்பக்கம் இருட்டாகவும் இருந்த படம் சமமாகி, நிழல்கள் மட்டும் வெள்ளைப் பின்னணியில் நிற்கும்.
4. இரண்டு லேயரையும் இணைத்துவிட்டு ‘லெவல்ஸ்’ திறந்து, கறுப்பு முனையை 150 அளவுக்கு வலப்பக்கம் நகர்த்துங்கள். எழுத்து தெளிந்ததும் நிறுத்துங்கள்.
5. இரண்டாவது படத்துக்கும் இதையே செய்யுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மேல் லேயரை ‘டார்க்கன் ஒன்லி’ ஆக்கினால், இரு திசை நிழல்களும் சேர்ந்து வட்டம் முழுமையாகும்.

பிளரின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. அது ஓர் எழுத்தின் உயரத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். சிறியதாக வைத்தால் நிழலும் சேர்ந்து வகுபட்டு மறைந்துவிடும். மிகப் பெரியதாக வைத்தால் ஒளியின் ஏற்றத்தாழ்வு சமமாகாது. ஃபீஜி என்ற அறிவியல் பட மென்பொருள் கையில் இருந்தால், அதிலுள்ள ‘கிளாஹே’ என்ற உள்ளூர் கான்ட்ராஸ்ட் கருவியை பிளாக் அளவு 127, ஸ்லோப் 3 என்ற தொடக்க மதிப்புகளோடு ஓட்டிப் பாருங்கள். ஸ்லோப்பை 5-க்கு மேல் ஏற்றினால் தாளின் சொரசொரப்பு எழுத்துபோல் மயக்கும்.

பென்சிலால் தேய்க்கும் பழக்கத்தைப் பற்றி: மென்மையான பென்சிலின் பக்கவாட்டால் புடைப்பின் மேல் லேசாகத் தேய்த்தால் மேடுகள் கறுத்து, சாதாரண ஸ்கேனிலேயே தெரியும். இதற்கென்றே நோட்டரிகளிடம் மை உருளைகளும் உண்டு. ஆனால் மூலப் பத்திரத்தில் கரி ஏறினால் முழுதாகப் போகாது. அழிப்பான் போட்டால் புடைப்பும் தேயும். முத்திரையிட்ட நோட்டரியோ பெறும் அலுவலகமோ செய்யச் சொன்னால் ஒழிய நீங்களாகச் செய்யாதீர்கள். மேலே மெல்லிய தாள் வைத்துத் தேய்ப்பதும் புடைப்பை அழுத்தவே செய்யும். சாய்ந்த ஒளி தாளைத் தொடுவதே இல்லை. அதனால்தான் அதை முன்வைக்கிறோம்.

அறிகுறி: சிவப்பு அல்லது நீல மை முத்திரை மங்கிப்போய் அல்லது முற்றிலும் காணாமல் போய்

தாளில் பளிச்சென்று இருக்கும் மை ஸ்கேனில் இல்லை என்றால், பெரும்பாலும் குறை அமைப்பில்தான். சந்தேகப்பட வேண்டிய வரிசை இது.

முதலாவது, 1-பிட் கறுப்பு வெள்ளை நிலை. ஒவ்வொரு பிக்சலும் கறுப்பு அல்லது வெள்ளை என்று முடிவாகும். நடு எல்லை 128 என்றால், 170 அளவு வெளிச்சமுள்ள வெளிர்நீல மை முழுவதும் வெள்ளைப் பக்கம் போய்விடும். இரண்டாவது, ‘கலர் டிராப்-அவுட்’. படிவங்களின் சிவப்புக் கட்டங்களை அகற்றுவதற்காக ஸ்கேனரில் இருக்கும் வசதி இது. யாரோ எப்போதோ போட்டுவைத்தது அப்படியே கிடக்கும். அது சிவப்பு முத்திரையைச் சுவடில்லாமல் விழுங்கிவிடும். மூன்றாவது, ‘ஆட்டோ கலர்’. பக்கத்தில் நிறம் குறைவாக இருந்தால் இயந்திரம் ‘இது கறுப்பு வெள்ளைப் பக்கம்’ என்று தானே தீர்மானித்துவிடும். ஒரு மூலையில் சிறிய முத்திரை மட்டும் உள்ள பக்கம் அதற்குச் சரியான இரை. நான்காவது, கிரேஸ்கேல் நிலையிலேயே ஒரு சிக்கல். சில ஸ்கேனர்கள் கிரேஸ்கேலுக்கு பச்சை ஒளியை மட்டும் பயன்படுத்தும். அவற்றில் பச்சை மை வெளுத்துவிடும்.

நான்குக்கும் ஒரே மருந்து: முத்திரை உள்ள பக்கத்தை 24-பிட் கலரில், 300 டிபிஐக்குக் குறையாமல், எல்லாத் தானியங்கி வசதிகளையும் அணைத்து எடுங்கள். கிரேஸ்கேல் தேவைப்பட்டால் பிறகு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். நிறம் ஒருமுறை போனால் திரும்பாது.

துல்லியம் ஏன் 300? முத்திரையின் சிற்றெழுத்து 1.5 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 டிபிஐயில் அதற்கு 12 பிக்சல்கூட முழுதாகக் கிடைக்காது, 300-ல் ஏறக்குறைய 18, 600-ல் 35. பதவிக்காலத் தேதிபோல் 1 மில்லிமீட்டர் எழுத்து இருந்தால் 300-ல் 12 பிக்சல்தான் வரும். அப்போது 600-க்குப் போவதுதான் முறை. 600-க்கு மேல் போய்ப் பெரும் பயன் இல்லை. மை தாளில் பரவிய விளிம்பைத்தான் பெரிதாகப் பார்ப்பீர்கள்.

அறிகுறி: முத்திரையும் கையெழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து

நிறங்கள் வேறு வேறாக இருந்தால் இதைப் போல எளிதாகத் தீர்வது வேறில்லை. கலர் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்கள் உண்டு. ஒரு மை தன் சொந்த நிறச் சேனலில் வெளுத்து மறையும். எதிர் நிறச் சேனலில் கறுத்துத் தெரியும்.

சிவப்பு முத்திரையைப் படிக்க நீலம் அல்லது பச்சைச் சேனலை எடுங்கள். முத்திரைக்குக் கீழே உள்ள கறுப்பு எழுத்தைப் படிக்க சிவப்புச் சேனலை எடுங்கள், முத்திரை விலகிவிடும். நீல முத்திரை சிவப்புச் சேனலில் கறுக்கும். ஊதா மைக்குப் பச்சைச் சேனல். ஜிம்பில் ‘கலர்ஸ்’ பட்டியலில் ‘காம்பொனன்ட்ஸ்’, அதற்குள் ‘எக்ஸ்ட்ராக்ட் காம்பொனன்ட்’. அங்கே சேனலைத் தேர்ந்தால் போதும்.

சிவப்பு முத்திரை, நீலக் கையெழுத்து, கறுப்பு அச்சு மூன்றும் குவிந்த இடத்தில் ஒரு நுணுக்கம். நீலச் சேனலில் நீலக் கையெழுத்து வெளுக்கும். சிவப்பு முத்திரை கறுக்கும். அங்கே முத்திரைக்குப் போட்டியாக அச்செழுத்து மட்டும்தான் மிஞ்சும். பச்சைச் சேனலை எடுத்திருந்தால் மூன்றும் கறுத்து நின்றிருக்கும்.

முத்திரையும் கையெழுத்தும் இரண்டுமே கறுப்பு என்றால் சேனல் உதவாது. 600 டிபிஐயில் எடுத்துப் பாருங்கள். ரப்பர் முத்திரை மையும் பேனா மையும் சில சமயம் ஒரே கறுப்பாகத் தோன்றினாலும் ஒன்று நீலச்சாயலும் மற்றது பழுப்புச்சாயலும் காட்டும். அந்தச் சிறிய வேறுபாடு இருந்தால் மேலே சொன்ன முறை அரைகுறையாகவாவது பலிக்கும். இல்லையென்றால் நோட்டரியிடம் போவதுதான் வழி.

அறிகுறி: ஸ்கேனரில் தெளிவு, அனுப்பிய கோப்பில் குழப்பம்

ஸ்கேனர் ‘காம்பாக்ட் பிடிஎஃப்’, ‘ஹை கம்ப்ரெஷன் பிடிஎஃப்’ என்று ஒரு வகை தரும். அது பக்கத்தை இரண்டாகப் பிரிக்கும். கறுப்பு எழுத்து ஓர் அடுக்கு, மற்றதெல்லாம் பின்னணி அடுக்கு. எழுத்து அடுக்கு கூர்மையாக இருக்கும். பின்னணி அடுக்கைத் துல்லியம் குறைத்து நசுக்கிவிடும். வண்ண முத்திரை பின்னணிக்குள் போய்விடுவதால், சுற்றியுள்ள எழுத்து கத்திபோல் தெரிய முத்திரை மட்டும் சேறாகிவிடும். இந்தக் காட்சியைப் பார்த்தால் உடனே சந்தேகிக்க வேண்டியது இந்த வகையைத்தான். சாதாரண பிடிஎஃப் என்று மாற்றி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

ஜேபெக் சுருக்கத்தில் இன்னொரு மறைமுகக் கேடு. 4:2:0 என்ற முறையில் நிற விவரம் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்படும். கறுப்பு எழுத்தில் இதன் பாதிப்பு தெரியாது. மெல்லிய சிவப்பு எழுத்து மட்டும் பிசிறடித்து மங்கும். தரம் 90, நிறக் குறைப்பு 4:4:4 என்று சேமித்தால் போதும்.

இவற்றைவிடக் கவனமாக இருக்க வேண்டியது ஜேபிக்2 என்ற கறுப்பு வெள்ளைச் சுருக்கத்தில். அதன் இழப்புள்ள வகை, ஒரே மாதிரி தெரியும் எழுத்துருக்களை ஒன்றாகப் பாவித்து, ஒன்றின் படத்தை மற்றதன் இடத்தில் வைத்துவிடும். 2013-ல் ஜெர்மனியின் டேவிட் க்ரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில பல்பணி இயந்திரங்கள் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் அறைகளின் அளவு எண்களே மாறியிருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். 6 இருந்த இடத்தில் 8. மங்கல் இல்லை, கோணல் இல்லை. தெளிவான தவறான எண். நோட்டரியின் பதிவு எண்ணுக்கு இது நேர்ந்தால் முத்திரையே போலி என்று சந்தேகம் வரும். ஸ்கேனர் அமைப்பிலும் பிடிஎஃப் ‘ஆப்டிமைஸ்’ அமைப்பிலும் இழப்புள்ள ஜேபிக்2-ஐ அணையுங்கள். கறுப்பு வெள்ளைக்குச் சிசிஐடிடி குரூப் 4 என்ற இழப்பில்லாத முறை இருக்கிறது. அனுப்புமுன் முத்திரை எண்ணைத் தாளோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுவிடுங்கள்.

கோப்பின் அளவுதான் நெருக்கடி என்றால், பத்திரம் முழுவதையும் நசுக்க வேண்டியதில்லை. ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐ கலரில் சுருக்கத்துக்கு முன் சுமார் 26 மெகாபைட்; கிரேஸ்கேலில் சுமார் 8.7, 1-பிட்டில் சுமார் 1.1. அறங்காவலர் அதிகாரங்கள், சொத்து அட்டவணை என்று வெறும் எழுத்துள்ள பக்கங்களை 1-பிட் குரூப் 4-ல் வையுங்கள். முத்திரை, கையெழுத்து உள்ள பக்கங்களை மட்டும் கலரில் வையுங்கள். இரண்டும் ஒரே பிடிஎஃபில் தாராளமாக இருக்கலாம்.

பழைய பிடிஎஃப் ஒன்றுதான் கையில் இருக்கிறது, மூலத் தாள் தொலைவில் என்றால், திரையைப் படம்பிடிக்காதீர்கள். பிடிஎஃபுக்குள் இருக்கும் படம் திரையில் தெரிவதைவிடத் துல்லியமாக இருக்கலாம். பாப்ளர் தொகுப்பிலுள்ள பிடிஎஃப்-இமேஜஸ் என்ற கருவி உள்ளே இருக்கும் படத்தை அப்படியே வெளியே எடுத்துத் தரும். ‘பிரின்ட் டு பிடிஎஃப்’ செய்து மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் துல்லியம் குறையக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: ஏற்றும் இணையதளமே கறுப்பு வெள்ளையாக்கிவிடுகிறது

அதன் கையில் முடிவை விடாமல், நீங்களே முன்கூட்டிக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். முத்திரையின் எதிர் நிறச் சேனலை எடுத்து, மேலே சொன்ன ‘டிவைட்’ முறையால் பின்னணியைச் சமமாக்கி, பிறகு ‘த்ரெஷோல்ட்’ கருவியில் எல்லையை 200 அருகில் தொடங்கி, முத்திரை எழுத்தின் உள்வளையங்கள் அடைபடாத இடத்தில் நிறுத்துங்கள். 6, 8, 9, 0 ஆகியவற்றின் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. டிதரிங் என்ற புள்ளித்தூவல் முறை வேண்டாம். சிற்றெழுத்தைக் குதறிவிடும், குரூப் 4-ல் கோப்பையும் பெருக்கிவிடும்.

அறிகுறி: தங்க நிற ஒட்டுமுத்திரை கறுத்த வட்டமாக

உலோகப்பூச்சுத் தாள் கண்ணாடிபோல் ஒளியை ஒரே திசையில் திருப்பும். ஸ்கேனரில் அந்தத் திசையில் உணரி இல்லாததால் கறுப்பாகிறது. ஸ்கேனரில் எந்த அமைப்பும் இதை மாற்றாது. ஜன்னலோரப் பரவிய ஒளியில், முத்திரைக்கு எதிரே ஒரு பெரிய வெள்ளை அட்டையைச் சாய்வாக நிறுத்தி, அந்த அட்டையின் பிரதிபலிப்பு பூச்சில் விழும்படி மேலிருந்து படம் எடுங்கள். தட்டையான பகுதி பொன்னிறமாகவும், புடைத்த எழுத்தின் விளிம்புகள் இருண்டும் தெரியும்.

அறிகுறி: முத்திரைப் பக்கமே காணோம், அல்லது முத்திரை பாதி வெட்டுப்பட்டு

புடைப்பு முத்திரை மட்டும் உள்ள பின்பக்கத்தை ‘வெற்றுப் பக்கம் தவிர்’ வசதி தூக்கி எறிந்திருக்கும். அணையுங்கள். தாளின் ஓரத்தில் குத்திய முத்திரை வெட்டுப்பட்டால் ‘ஆட்டோ கிராப்’பை அணைத்து, தாளைக் கண்ணாடியின் மூலையிலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். ஏ4-ஐவிட நீளமான லீகல் தாள் என்றால் ஸ்கேன் பரப்பைக் கையால் மாற்ற வேண்டும். பத்திரத்தின் அடியில் இருக்கும் முத்திரை மறைவதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு.

பின்பக்க அச்சு ஊடுருவித் தெரிந்து முத்திரையைக் குழப்பினால், தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்து மூடுங்கள். பக்கம் சற்று இருளும், ஊடுருவல் பெருமளவு அடங்கும்.

அறிகுறி: ரிப்பன், கண்வளையம் போட்டுக் கட்டிய பத்திரம், தட்டையாக வைக்க முடியவில்லை

எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். ரிப்பனும் அதன் மேல் குத்திய முத்திரையும் பக்கங்கள் மாற்றப்படவில்லை என்பதற்கான சாட்சி. கட்டைப் பிரித்தால் நோட்டரியின் சான்றும், அதனோடு இணைத்த அப்போஸ்டிலும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அப்போஸ்டில் என்பது பத்திரம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்காக இணைக்கும் அரசுச் சான்று; 1961 ஹேக் உடன்படிக்கையின் மாதிரிப்படி குறைந்தது 9 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம். பல சமயம் அது தனித் தாளாக இணைந்திருக்கும்; அதையும் அதே கட்டோடு சேர்த்துத்தான் படமெடுக்க வேண்டும்.

மேலிருந்து படமெடுக்கும் ஓவர்ஹெட் ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லையென்றால், எதிர்ப்பக்கங்களுக்கு அடியில் அதே தடிமனுக்கு வேறு தாள்களை அடுக்கி மட்டத்தைச் சமமாக்கி, கேமராவால் எடுங்கள். சிஐஎஸ் ஸ்கேனருக்குக் கண்ணாடியை ஒட்டிய இடம்தான் தெளிவாகத் தெரியும். கட்டுப்பக்கம் தாள் தூக்கிக்கொண்டால் முத்திரை மங்கும். லென்ஸ் வழியாகப் படமெடுக்கும் சிசிடி ஸ்கேனர் சில மில்லிமீட்டர் தூக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

அறிகுறி: மின்னணு நோட்டரி முத்திரை, அச்சிட்டால் வரவில்லை

முத்திரை பிடிஎஃபில் குறிப்பு அடுக்காக இருந்தால் அச்சுப் பெட்டியில் ‘டாக்குமென்ட் அண்ட் மார்க்கப்ஸ்’ தேர்வு தேவை. பிரவுசரில் திறந்து அச்சிடாமல் முழுமையான பிடிஎஃப் மென்பொருளில் திறங்கள். ஆனால் பெறுபவருக்கு அனுப்ப வேண்டியது அச்சிட்டு ஸ்கேன் செய்த நகல் அல்ல, மூல பிடிஎஃப். டிஜிட்டல் கையொப்பம் கோப்புக்குள்தான் இருக்கிறது. அச்சிட்டாலோ வேறு பிடிஎஃபோடு இணைத்தாலோ அந்தச் சரிபார்ப்பு போய்விடும்.

தெளிவாக்கிய படத்தை எப்படி அனுப்புவது

மாற்றமே செய்யாத முழுப் பக்க ஸ்கேன்தான் முதன்மை. அதை மாற்றி அதன் இடத்தில் திருத்திய படத்தை வைக்காதீர்கள். தெளிவாக்கிய முத்திரைப் படத்தை அடுத்த பக்கமாகச் சேர்த்து, கீழே இப்படி எழுதுங்கள்: ‘பக்கம் 14-ல் உள்ள முத்திரையின் பெரிதாக்கிய படம். சாய்ந்த ஒளியில் எடுத்தது. ஒளியும் கான்ட்ராஸ்ட்டும் மட்டும் சீராக்கப்பட்டன.’ அதன் கீழ் முத்திரையில் படிக்க முடிந்ததைத் தட்டச்சு செய்யுங்கள். படிக்க முடியாத எழுத்துக்கு ஊகம் எழுதாமல் புள்ளி வையுங்கள். மூல டிஃப், செல்பேசியின் மூலப் படம் இரண்டையும் ஷா-256 ஹாஷ் எண்ணோடு (கோப்பு பிறகு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேள்வி எழுப்பினால் எந்தப் படியில் என்ன செய்யப்பட்டது என்று காட்ட அது வேண்டும்.

அறிகுறி: தாளிலேயே முத்திரை சரியில்லை

மை வற்றிய ரப்பர், மை வழிந்த பேட், வழவழப்பான தாளில் உலராமல் இழுபட்ட மை, நான்கைந்து தாளை ஒன்றாகச் சேர்த்துக் குத்தியதால் ஆழம் போதாத புடைப்பு. இவற்றுக்கு ஸ்கேனில் மருந்து இல்லை. மங்கலாக விழுந்த முத்திரையின் மேலேயே மறுபடி குத்தச் சொல்லாதீர்கள். இரண்டு வட்டமும் சேர்ந்து எதையும் படிக்கவிடாது. அருகில் வெற்றிடத்தில் இன்னொரு முத்திரை குத்தலாமா, புதிய சான்றுத் தாள் இணைக்க வேண்டுமா என்பது அந்தந்த இடத்துச் சட்டம். அதைச் செய்ய வேண்டியவர் அந்த நோட்டரிதான். நீங்களோ ஸ்கேன் செய்பவரோ அல்ல.

நோட்டரி இப்போது பணியில் இல்லை என்றால், அவரை நியமித்த அதிகாரியிடமோ அவருடைய பதிவேடு ஒப்படைக்கப்பட்ட அலுவலகத்திலோ, அந்தத் தேதியில் அவர் பதவியில் இருந்தார் என்பதற்கான சான்று கேளுங்கள். கேட்கும்போது பத்திரத் தேதி, கையெழுத்திட்டவர்கள் பெயர், முத்திரையில் தெரியும் எண்ணின் பகுதி மூன்றையும் கொடுத்தால் பதிவேட்டில் தேடுவது சுலபமாகும். அந்தச் சான்றை மங்கலான பக்கத்துக்கு அடுத்ததாக இணைத்து அனுப்புங்கள்.